வாரியத்தின் இடப்பக்கம்

காலையில் எழுந்திருப்பேன். பல் துலக்குவேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அது பொங்குவதற்குள் முகம் மழிக்கப் பார்ப்பேன். சில நாள் பால் ஜெயிக்கும், சில நாள் நான். கண்ணாடியில் தெரிகிற ஆளுக்கு இதயம் வலப்பக்கம். அவன் கொடுத்துவைத்தவன்.

பிறகு மகளை எழுப்புவேன். நான்கு வயது. எழுந்ததும் அவளுடைய முதல் வேலை, அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்து என் நெஞ்சில் வைப்பது. அம்மாவிடம் பழகியது. முதலில் வலப்பக்கம் வைப்பாள்.

"அப்பா, உனக்கு இல்ல."

"அந்தப் பக்கம் பாரு."

இடப்பக்கம் வைப்பாள். "ம். இருக்கு." பல் துலக்கப் போய்விடுவாள். மறுநாள் மறுபடி வலப்பக்கம்தான். நேற்று எங்கே இருந்தது என்று நான் நினைவுபடுத்துவதில்லை.

ஸ்டெதஸ்கோப்பின் குழாயில் ஓர் அட்டை தொங்குகிறது. 'சான்றுப் பொருள், பாடத்திட்ட வாரியம்' என்று அச்சிட்டிருக்கும். முத்திரையிருந்த மூலையை மகள் கடித்துத் தின்றுவிட்டாள். நன்றாக ஜீரணமானது.

நான் விலங்கியல் படித்தவன். பள்ளி ஆய்வகங்களுக்கு உடற்பொம்மை செய்யும் பட்டறையில் வேலை. தலை முதல் இடுப்பு வரை ஃபைபரில் வார்த்து, நெஞ்சு மூடியைக் கழற்றினால் உறுப்புகள் ஒவ்வொன்றாக வெளியே வருகிற மாதிரி செய்வோம். தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம், கல்லீரலுக்குச் செங்கல் நிறம். என் மனைவி உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. பள்ளிக்கு ஒரு பொம்மை வாங்கத்தான் பட்டறைக்கு வந்தாள். நெஞ்சு மூடியைத் திறந்து வெகுநேரம் பார்த்தாள்.

"இது யாரோட உடம்புங்க?"

"யாரோடதும் இல்ல. பொதுவான மனுஷ உடம்பு."

"எனக்கு இப்படி இல்லையே."

அவளுக்கு உள்ளே எல்லாமே இடம் மாறியிருந்தது. இதயம் வலப்பக்கம். கல்லீரல் இடப்பக்கம். இரைப்பை, மண்ணீரல், குடல்வால் எல்லாம் எதிர்ப்பக்கம். இப்படிச் சிலர் பிறக்கிறார்கள். மற்றவர்களைப்போலவே சாப்பிட்டு, சண்டைபோட்டு, நன்றாகவே வாழ்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று தலைவாரும்போது சொல்வாள்: "உள்ள இருக்கிறவ பாடப்புத்தகம் மாதிரி இருக்கா பாருங்க. வேணும்னா அவளை வச்சுக்கோங்க."

வகுப்பில் இதயப் பாடம் வரும்போது, சொந்தச் செலவில் வாங்கிய அந்த ஸ்டெதஸ்கோப்பைக் கொடுத்து, மாணவிகளை ஒருவர் நெஞ்சை ஒருவர் கேட்கச் சொல்வாள். எல்லாருக்கும் இடப்பக்கம் என்று அவர்களே கண்டுபிடித்த பிறகு, கடைசியில் தன் நெஞ்சைக் கேட்கச் சொல்வாள். அதன்பின் அந்தப் பாடத்தை யாரும் மறந்ததில்லை. 'கண்ணாடி டீச்சர்' என்று பெயர் வைத்தார்கள். அவள் மூக்குக்கண்ணாடி போட்டவள் இல்லை.

ஒருநாள் வாரியத்தின் ஆய்வாளர் வகுப்புக்கு வந்தார். கடைசி பெஞ்சு மாணவியை எழுப்பி, இதயம் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

"பொதுவா இடது பக்கம் சார். எங்க டீச்சருக்கு மட்டும் வலது."

ஆய்வாளர் சிரிக்கவில்லை. ஸ்டெதஸ்கோப்பைக் கைப்பற்றினார். விசாரணை வந்தது.

வாரியக் கட்டடத்தில் விசாரணைக் கூடத்தின் மேஜை உயரமானது. எதிரில் போட்டிருக்கும் நாற்காலி தாழ்வானது. உட்கார்ந்தால் நமக்கு இயக்குநரின் முகவாய்க்கட்டை மட்டும் தெரியும். அந்த முகவாய்க்கட்டை பேசியது.

"உங்க இதயம் எந்தப் பக்கம் இருக்குங்கிறது உங்க சொந்த விஷயம்மா. அதுல வாரியம் தலையிடாது. ஆனா வகுப்பு நேரத்துல அது பாடப்புத்தகத்துல சொன்ன இடத்துலதான் இருக்கணும்."

"எப்படி சார்? மணி அடிச்சா மாத்தி வைக்க முடியுமா?"

"விதிவிலக்கு பன்னிரண்டாம் வகுப்புலதான் வருது. பத்தாம் வகுப்புல யாருக்கும் விதிவிலக்கு இருக்க அனுமதி கிடையாது."

ஆய்வாளர் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். இயக்குநர் நிமிர்ந்தார்.

"இது எப்படி வந்தது? அப்பா வழியா, அம்மா வழியா?"

அவளுக்குக் கண் மலர்ந்தது. கேள்வி கேட்கும் மாணவன் கிடைத்துவிட்டான் என்று நினைத்துவிட்டாள். "ரெண்டு பேர் வழியாவும் சார். இதை ஒடுங்கு பண்புன்னு சொல்வோம். ஒவ்வொரு பண்புக்கும் அப்பாகிட்ட இருந்து ஒரு ஜீன், அம்மாகிட்ட இருந்து ஒரு ஜீன். அவங்க ரெண்டு பேருக்கும் இதயம் இடது பக்கம்தான். ஆனா ஆளுக்கொரு மாறின ஜீன் உள்ள மறைஞ்சிருந்திருக்கு. அந்த ரெண்டும் என்கிட்ட சேர்ந்துடுச்சு. பெரும்பாலும் இப்படித்தான் வரும்."

"ஆக, ரெண்டு பேரும் மறைச்சிருக்காங்க."

அடுத்த விசாரணைக்கு என் மாமனார் அழைக்கப்பட்டார். ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். மாமியார் இறந்து வெகுகாலம் ஆகிறது. அவருக்கும் அழைப்பு வந்திருந்தது. வரவில்லை என்று குறித்துக்கொண்டார்கள்.

"ஒடுங்கு பண்பை நீங்க மறைச்சு வச்சிருந்தது உண்மையா?"

"எனக்கே தெரியாதுங்களே ஐயா."

"தனக்கே தெரியாம மறைக்கிறவன் எவ்வளவு பெரிய ஆளா இருக்கணும்!" என்றார் ஆய்வாளர்.

மாமா சொன்னார்: "ஐயா, ஆயுசு பூரா பஸ்ல டிக்கெட் இல்லாம வந்தவங்களைப் பிடிச்சவன் நான். எனக்குள்ளேயே ஒருத்தன் டிக்கெட் எடுக்காம வந்தான்னா நான் என்ன பண்றது?"

பதில் திருப்தி தரவில்லை. தீர்ப்பு: இவர் தவறாகக் கற்பித்தார். இனி இரட்டையாக உள்ள உறுப்புகளை மட்டும் நடத்தலாம். கண், காது, சிறுநீரகம். பிறகு, சிறுநீரகங்களில் ஒன்று சற்று மேலே இருக்கும், அது எந்தப் பக்கம் என்பதில் இவருக்கு மாற்றுக்கருத்து இருக்கக்கூடும் என்று ஆய்வாளர் நினைவூட்டவே, சிறுநீரகத்தையும் எடுத்துக்கொண்டார்கள். கண்ணும் காதும் மிஞ்சின. ஸ்டெதஸ்கோப்பை அட்டையோடு திருப்பிக் கொடுத்தார்கள். தீர்ப்பைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்கள். அவள் தினமும் அதைக் கடந்து உள்ளே போய், இதயப் பாடம் நடக்கும்போது ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருப்பாள். பக்கத்து வகுப்புச் சத்தம் கேட்கும் என்பாள்.

"மனப்பாடம் பண்றாங்க. 'இதயம் இடப்பக்கம் உள்ளது, இதயம் இடப்பக்கம் உள்ளது.' அவங்க கத்துறதைக் கேட்டா எனக்கே சந்தேகம் வருது. கை வச்சுப் பாத்துக்கிறேன்."

அந்த ஆண்டே அவளுக்கு வயிற்றுவலி வந்தது. வாரிய மருத்துவமனைக்குப் போனோம். வாரியத்தின் கீழ் வேலை செய்பவர்கள் அங்கேதான் போக வேண்டும். குடல்வால் அழற்சியா என்று பார்க்க டாக்டர் அடிவயிற்றில் வலப்பக்கம் அழுத்தினார்.

"வலிக்குதா?"

"அங்க இல்ல டாக்டர். இடது பக்கம்."

"அப்ப குடல்வால் இல்ல. வாயு."

"டாக்டர், எனக்கு உள்ள எல்லாம் மாறியிருக்கும். குடல்வாலும் இடது பக்கம்தான் இருக்கும்."

"டாக்டர் நீங்களா, நானா?"

நானும் சொன்னேன். "நீங்க என்ன வேலை பண்றீங்க?" என்றார். பொம்மை செய்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பவில்லை.

எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் இதயம் எதிர்ப்பக்கம் தெரிந்தது. எக்ஸ்ரேக்காரர், படத்தைத் திருப்பி மாட்டிவிட்டோம் போலிருக்கிறது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு, அதைப் புரட்டிச் சரியாக மாட்டினார். டாக்டர் பார்த்தார். "எல்லாம் அதது இருக்கவேண்டிய இடத்துல இருக்கே" என்றார். வாயு மாத்திரை கொடுத்து வார்டில் படுக்கவைத்தார். குடல்வால் இடப்பக்கத்தில் வெடித்தது. அவர்கள் வலப்பக்கத்தில் திறந்து பார்த்தார்கள்.

இதில் எழுத வேறு எதுவும் இல்லை.

அவளுடைய மாணவிகள் மறுவாரம் வாரியத்தின் வாசலில் வந்து நின்றார்கள். கோஷம் போடவில்லை. எல்லாரும் வலப்பக்க நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். வாரியத்துக்குக் கோஷம் பழக்கம், இது பழக்கமில்லை. ஏதாவது செய்தாக வேண்டும் என்று முடிவானது. அவள் பெயரால் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரு நினைவு உடற்பொம்மை. வேலை எங்கள் பட்டறைக்கு வந்தது.

நான் இயக்குநரைப் போய்ப் பார்த்தேன். அதே தாழ்ந்த நாற்காலி.

"பொம்மை வேண்டாம் சார். அந்தத் தீர்ப்பைக் கழட்டிடுங்க. என் பொண்ணு அந்தப் பள்ளிக்கூடத்துலதான் படிக்கப்போறா. எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிச்சதும் முதல்ல அந்தப் பலகையைத்தான் படிப்பா."

"தம்பி, உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா வாரியம் தீர்ப்பைத் திரும்ப வாங்கினா, வாரியம் தப்பு பண்ணினதா ஆயிடும். வாரியம் தப்பு பண்ணாது. புத்தகப்படி குடுத்த தீர்ப்பு. என்னைக்காவது புத்தகம் மாறினா, அது தானா விழுந்துடும்."

"புத்தகம் எப்ப மாறும்?"

"புத்தகம் எதுக்குத் தம்பி மாறணும்?"

நான் எழுந்து வந்தேன். எனக்குக் கோபம் வரவில்லை. வேலை வந்தது.

முதல் மாதிரியை எப்போதும்போல் செய்தேன். பொதுவான மனித உடம்பு. ஒப்புதல் தர இயக்குநரும் ஆய்வாளரும் பட்டறைக்கு வந்தார்கள். முதலாளி நெஞ்சு மூடியைத் திறந்தார். இயக்குநர் பொம்மைக்கு நேர் எதிரே நின்றார். தன் நெஞ்சில் இடப்பக்கம் கையை வைத்தார். பொம்மையைப் பார்த்தார். முகம் சிவந்தது.

"என்னய்யா இது? இதயம் எதிர்ப்பக்கம் இருக்கு! பொண்டாட்டி மாதிரியே செஞ்சு வச்சிருக்கியா?"

கண்ணாடி முன் நிற்பவரைப்போல் நின்று பார்த்திருக்கிறார். எதிரே நிற்கும் ஆளின் இடப்பக்கம் நமக்கு வலப்பக்கமாகத் தெரியும் என்பது ஆறாம் வகுப்புப் பாடம். வாரியம்தான் அச்சிட்டது.

ஆய்வாளரும் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். "ஆமாங்கய்யா. அப்பட்டமா எதிர்ப்பக்கம்." சந்தேகத்துக்குப் பாடப்புத்தகத்தைத் திறந்தார். படத்திலும் அப்படியே இருந்தது. "ஐயா, புத்தகத்துலயும் படத்தைத் திருப்பி அச்சடிச்சிருக்காங்க. இத்தனை வருஷமா!"

"அச்சகத்துக்காரன் வேலை. அதையும் மாத்து."

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். கேட்டே ஆக வேண்டும் என்று தோன்றியது. பிறகு நாம் சொல்லவில்லை என்று இருக்கக்கூடாது.

"இடப்பக்கம்னா யாரோட இடப்பக்கம் சார்? பொம்மையோட இடமா, பாக்கிறவங்க இடமா?"

இயக்குநர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "தம்பி, பொம்மைக்கு ஏது இடம் வலம்? வாரியத்துக்கு எது இடதோ, அதுதான் இடது."

"அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க சார்."

போட்டார். பச்சை மை.

அவர்கள் போன பிறகு முதலாளி தலையைச் சொறிந்தார். "தம்பி, இவன் சொல்ற மாதிரி செஞ்சா உள்ள எல்லாம் மாறிப்போயிடுமேடா."

"ஆமாண்ணே."

"மாறினா அது…" அவர் நிறுத்திக்கொண்டார். என்னைப் பார்த்தார். "கையெழுத்து இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப அச்சை உடைச்சுட்டுப் புதுசாப் போடு."

போட்டேன். கல்லீரலை இடப்பக்கம் வைத்தேன். மூன்று மடல் நுரையீரலை இடப்பக்கம், இரண்டு மடலை வலப்பக்கம். இரைப்பையை எதிராக வளைத்தேன். குடல்வாலை அது இருந்த இடத்தில் வைத்தேன். அதற்கு மட்டும் பட்டறையில் யாரும் பயன்படுத்தாத பளீரென்ற மஞ்சள் பூசினேன், குருடனுக்கும் தெரிகிற மாதிரி. இதயத்தை வலப்பக்கம் வைக்க எனக்கு அளவுகோல் தேவைப்படவில்லை. தோள் அகலமும் கழுத்தும் அவளுடையவை. அதை ஒருவரும் கேட்கவில்லை.

இயக்குநர் வந்து பார்த்தார். நெஞ்சில் கை வைத்தார். பொம்மையைப் பார்த்தார். "இப்பதான்யா மனுஷன் மாதிரி இருக்கு" என்றார்.

திறப்பு விழா வாரிய அரங்கில் நடந்தது. என்னையும் மாமாவையும் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மகள் மடியில் தூங்கினாள். இயக்குநர் பேசினார்.

"அந்த அம்மாவுக்கும் வாரியத்துக்கும் சின்னக் கருத்து வேறுபாடு இருந்தது உண்மை. ஆனால் கடைசி நேரத்தில் அவர் என்ன சொன்னார் தெரியுமா? மருத்துவமனையிலிருந்து நேரடியாகக் கேட்டறிந்தேன். 'வாரியம் சொன்னதே சரி. என் மாணவிகளிடம் சொல்லுங்கள், பாடப்புத்தகத்தை விட்டு விலக வேண்டாம்.' இதைச் சொல்லித்தான் அவர் கண்ணை மூடினார்!"

கைதட்டினார்கள். மாமா என் காதில் கேட்டார்: "மாப்ள, இவரு அங்க இருந்தாரா?"

"இல்ல மாமா."

"நீங்க இருந்தீங்கள்ல?"

"இருந்தேன்."

"அப்ப சரி. உங்களுக்குத் தெரியும்ல, அது போதும்." நாற்காலியின் கையை அவர் பிடித்திருந்த பிடியில் நரம்பு புடைத்திருந்தது.

பொம்மை எல்லாப் பள்ளிகளுக்கும் போனது. புதிய பதிப்பில் படத்தைத் திருத்தினார்கள். படத்துக்கு ஏற்பப் பகுதிகளைக் குறிக்க வேண்டிய நேரத்தில், அச்சுப் பிழை பார்க்கிற யாரோ ஒருவர், உண்மையிலேயே ஆறாம் வகுப்பு படித்தவர், படத்தில் இருப்பது உடம்பின் வலப்பக்கம் என்று கண்டுபிடித்து, வரியையும் திருத்திவிட்டார். 'இதயம் வலப்பக்கம் உள்ளது.' ஆய்வாளர் படத்தை மட்டும் ஒப்புதல் பெற்ற பொம்மையோடு ஒப்பிட்டார், பொருந்தியது. கையெழுத்திட்டார். புத்தகம் வந்துவிட்டது. வந்தபின் தப்பு என்று சொல்ல ஆள் இல்லை. வாரியம் தப்பு பண்ணாது.

தேர்வில் இடம் என்று எழுதியவர்களுக்கு மதிப்பெண் போனது. மாணவிகள் அலட்டிக்கொள்ளவில்லை. தெரிந்தது ஒன்று, எழுதுவது ஒன்று என்பது அவர்களுக்குப் பழைய பாடம். ஆண்டு விழாவில் உறுதிமொழியை வலப்பக்கம் கை வைத்து எடுத்தார்கள். வாரிய மருத்துவமனைக்குச் சுற்றறிக்கை போனது: பரிசோதனைகள் நடப்புப் பாடநூலின்படி அமைய வேண்டும். எங்களுக்குத் தெரிந்த எந்த ஆசிரியரும் இப்போது அங்கே போவதில்லை. அதிகாரிகள் மட்டும் போகிறார்கள். போகட்டும்.

தீர்ப்பு விழுந்தது. அப்படியே விழவில்லை. 'தவறாகக் கற்பித்தார்' என்பதை அடித்துவிட்டு, 'முன்கூட்டியே கற்பித்தார்' என்று மாற்றியிருந்தார்கள். பாடம் வருவதற்கு முன்பே பாடம் நடத்தியது சிறு குற்றமாம், காலமாகிவிட்டதால் மன்னித்திருந்தார்கள். மாமா பலகை முன்னால் நின்று அதைப் படித்தார். அவள் போன பிறகு அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். பாதியில் அது வேறாக மாறியது. தோளைப் பிடித்து வெளியே அழைத்துவந்தேன்.

இயக்குநருக்குப் பணி நீட்டிப்பு வரவேண்டியிருந்தது. அதற்கு வாரிய மருத்துவமனையில் உடற்தகுதிச் சான்று வாங்க வேண்டும். அதே டாக்டர். ஸ்டெதஸ்கோப்பை இயக்குநரின் வலப்பக்க நெஞ்சில் வைத்தார். நடந்ததை எக்ஸ்ரேக்காரர் ஊர் பூராவும் சொல்லியிருக்கிறார்.

"சத்தம் சரியா கேக்கலையே சார். எங்கயோ பக்கத்து வீட்ல அடிக்கிற மாதிரி இருக்கு."

"யோவ், அங்க இல்லய்யா! இந்தப் பக்கம் வை!"

"புத்தகத்துல அந்தப் பக்கம் இல்லையே சார்."

"என் நெஞ்சு எனக்குத் தெரியாதா?"

"டாக்டர் நீங்களா, நானா?"

இதயம் உரிய இடத்தில் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். இதயம் உரிய இடத்தில் இல்லாதவர் வாரியத்தில் தொடர விதி இல்லை. அவர் இடத்துக்கு ஆய்வாளர் வந்தார். அவருக்கும் பரிசோதனை நடந்தது. அவர் டாக்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். டாக்டர் புத்தகப் படத்தில் உள்ளபடி தன் இடக்கைப் பக்கமே வைத்தார். பின்னாலிருந்து பார்த்தால் வாரியத்தின் இடப்பக்கமும் அவருடைய இடப்பக்கமும் ஒன்றுதான். தேறிவிட்டார். இப்போதெல்லாம் அறையிலும் முதுகைக் காட்டித்தான் உட்காருகிறாராம்.

பழைய இயக்குநர் ஒருநாள் பட்டறைக்கு வந்தார். காலில் ரப்பர் செருப்பு. நான் ஒரு பொம்மையின் சிரைகளுக்கு நீலம் பூசிக்கொண்டிருந்தேன். உட்காரச் சொன்னேன். எங்களிடம் இருப்பது சாயம் பூச உட்காரும் தாழ்ந்த முக்காலிதான்.

"தம்பி, பொம்மை தப்புன்னு நீ ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா போதும். என்னைத் திரும்ப எடுத்துக்குவாங்க."

"எந்தப் பொம்மை சார்? வாரியம் ஒப்புதல் குடுத்ததா?"

"அது தப்பான பொம்மைன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"தப்பில்ல சார். அப்படி ஒருத்தி இருந்தா."

முதலாளியும் மற்றவர்களும் கை வேலையை நிறுத்தியிருந்தார்கள். நான் தூரிகையைக் கழுவினேன்.

"அவ சரியாத்தான் சொல்லிக்குடுத்தான்னு சொல்லுங்க. எழுத வேண்டாம். சும்மா வாயால சொல்லுங்க."

"சரியாத்தான் சொல்லிக்குடுத்தாங்க."

"சத்தமா."

"அந்த டீச்சரம்மா சரியாத்தான் சொல்லிக்குடுத்தாங்க!"

எதிரே நெஞ்சைத் திறந்துகொண்டு நின்ற பொம்மைகள் கேட்டன. எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருந்தது; கொஞ்ச நேரம்.

"இப்ப எழுதிக் குடுப்பியா?"

"பட்டறை தானா எதையும் எழுத முடியாது சார். இயக்குநர் ஒப்புதல் வேணும். அவர்கிட்ட போங்க. முன்பக்கமா போகாதீங்க."

எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது.

"அன்னைக்கு மேடையில நான் சொன்னது… அவங்க கடைசியா நிஜமா என்ன சொன்னாங்க?"

நான் அவருக்குச் சொல்லவில்லை.

கடைசி நாள் அவள் வார்டில் இருந்தாள். கண்ணை மூடியிருந்தாள். இதயத் துடிப்பை வரையும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு ஓர் ஊழியர் வந்தார். வயதானவர், வேலைக்குப் புதியவர் போல. ஒயரின் நுனிகளை அவளுடைய இடப்பக்க நெஞ்சில் ஒட்டினார். கோடு ஒழுங்காக வரவில்லை. எடுத்து மறுபடி அங்கேயே ஒட்டினார். பயந்துவிட்டார். அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். அவருடைய கையைப் பிடித்து, மெல்ல வலப்பக்கத்துக்கு நகர்த்தினாள்.

"அங்க இல்லண்ணே, இங்க. பரவால்ல, எல்லாரும் முதல்ல அங்கதான் தேடுவாங்க."